அச்சு எங்கே இருக்கிறது?

வேலூரில் யார் புது வீல்சேர் வாங்கினாலும் முதலில் வருகிற கேள்வி "எத்தனை கிலோ?" என்பதுதான். அடுத்தது விலை. பிறகு யாராவது குனிந்து சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "ஸ்மூத்தா கீதே" என்பார்கள். அதோடு விசாரணை முடிந்துவிடும். பெரிய சக்கரத்தின் அச்சு எங்கே இருக்கிறது, உட்கார்ந்திருப்பவரின் தோளுக்கு நேராகவா, அதற்குப் பின்னாலா, எவ்வளவு கீழே என்று கேட்டவர்களை நான் பார்த்ததே இல்லை. கைக்கு எவ்வளவு வேலை என்பதில் பாதியை அந்த ஒரு இடம் முடிவு செய்துவிடுகிறது.

பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின் எனக்கு இது சோறு போடுகிற விஷயமாகிவிட்டது. சத்துவாச்சாரியில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்து கடை வரை தள்ளிக்கொண்டு போய் உட்காரும்போது கை நடுங்காமல் இருந்தால்தான் எழுத முடியும். பார்க்கிறவர்கள் "கை நல்லா இறுகிப்போச்சுண்ணா, ஜிம்முக்குப் போறாப்ல இருக்கு" என்று பாராட்டுவார்கள். அந்த இறுக்கத்தில் கொஞ்சம் பழைய நாற்காலி வாங்கிய கூலி.

பழைய நாற்காலி என்றால் எல்லோரும் அறிந்ததுதான். இடா ஸ்கடர் சாலையில் லாட்ஜிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து லாட்ஜுக்கும் நோயாளிகளை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்களே, அதே குரோம் குழாய், கறுப்பு ரெக்சின், நடுவில் எக்ஸ் வடிவக் கம்பி, இழுத்தால் மடங்குவது. எடை 18 முதல் 20 கிலோ. இந்த மாதிரியின் மூதாதை 1930களில் அமெரிக்காவில் பிறந்தது. சுரங்க விபத்தில் முதுகு உடைந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவரும் அவருடைய நண்பரான பொறியாளர் ஹாரி ஜென்னிங்ஸும் சேர்ந்து செய்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது, மடக்கிக் காரில் போட்டுக்கொண்டு போகிற நாற்காலி. அந்த வேலையை அது இன்றைக்கும் அருமையாகச் செய்கிறது. ஆனால் அதன் வாரிசுகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போயின. அங்கே பின்னால் நின்று தள்ள ஆள் உண்டு. நோயாளி பின்பக்கமாகச் சாய்ந்து விழாமல் இருந்தால் போதும். அதனால் பெரிய சக்கரத்தின் அச்சை முதுகுக் கம்பிக்கு நேர் கீழே கொண்டுபோய் நிரந்தரமாகப் பொருத்திவிட்டார்கள். விழாது. ஆனால் உட்கார்ந்திருப்பவர் தானே தள்ள வேண்டுமென்றால் தோளைப் பின்னுக்கு முறுக்கி, முதுகுக்குப் பக்கத்தில் இருக்கிற ரிம்மை, அதாவது பெரிய சக்கரத்தின் ஓரத்தில் கையால் பிடித்துத் தள்ளுகிற வளையத்தை, எட்டிப் பிடிக்க வேண்டும். பிடித்த கை தொடைப் பக்கம் வருவதற்குள் ரிம் கைவிட்டுப் போய்விடும். ஒவ்வொரு தள்ளலும் குட்டைத் தள்ளல். குட்டையாகத் தள்ளினால் அதே தூரத்துக்கு அதிகத் தடவை தள்ள வேண்டும்.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நான் 70 கிலோ, நாற்காலி 20 கிலோ, மொத்தம் 90. வழவழப்பான டைல்ஸ் தரையில், காற்று சரியாக இருக்கிற டயரோடு, அதை உருண்டுகொண்டே இருக்க வைக்க மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவு தள்ளினால் போதும். கிட்டத்தட்ட ஒரு கிலோ. கரடுமுரடான தார் ரோட்டில் அது ஒன்றரை, இரண்டு கிலோ ஆகும். இப்போது கடன் வாங்கியாவது 10 கிலோ அலுமினிய நாற்காலி வாங்குகிறேன் என்று வையுங்கள். மொத்தம் 80. நாற்காலியின் எடை பாதியாகியும் உருட்டுகிற சுமை 11 சதவீதம்தான் குறைகிறது. எடையில் முக்கால் பங்குக்கு மேல் நான்தானே!

அச்சின் கணக்கு வேறு. உருளும்போது உண்டாகிற இழுவை சக்கரம் சின்னதாக ஆக ஆகக் கூடும். 24 அங்குலப் பின்சக்கரத்தோடு ஒப்பிட்டால், 8 அங்குல முன்சக்கரம் சுமக்கிற ஒவ்வொரு கிலோவும் தோராயமாக மூன்று மடங்கு இழுவை தரும். அச்சு முதுகுக்கு நேராக இருக்கிற நாற்காலியில் 45 சதவீத எடை முன்சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்தால், இழுவை (55 × 1) + (45 × 3), அதாவது 190 பங்கு. அச்சை எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் முன்னே கொண்டுவந்து முன்சக்கரத்தின் சுமையை 31 சதவீதமாக்கினால் 162 பங்கு. 15 சதவீதம் குறைந்துவிட்டது, ஒரு கிலோகூட எடை குறையாமல். இதற்கு மேல் ரிம் கைக்கு நேராக வந்துவிடுவதால் கிடைக்கிற நீளத் தள்ளல் தனி லாபம்; அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

எடைக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. மேட்டில் ஏறும்போது எடைதான் ராஜா. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு அடி உயரம், அதாவது பன்னிரண்டுக்கு ஒன்று என்கிற ராம்ப்பில் (சாய்வுப் பாதையில்) 90 கிலோவை ஏற்ற ஏழரை கிலோ விசை வேண்டும், சமதளத்தில் தேவைப்படுவதைப் போல ஏழெட்டு மடங்கு. ஒரு குடம் தண்ணீரில் பாதியைக் கீழே வைக்காமல் நகர்த்திக்கொண்டே போகிற மாதிரி. அங்கே 10 கிலோ குறைந்தால் தோளுக்குத் தெரியும். ஆட்டோவில் தூக்கி வைக்கிற மனைவியின் இடுப்புக்கும் தெரியும்.

1970களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஹேங்-கிளைடரிலிருந்து விழுந்து நடக்க முடியாமல்போன மர்லின் ஹாமில்டன், கிளைடர் செய்கிற தன் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து அதே அலுமினியக் குழாயில் நாற்காலி செய்தார். குவிக்கி என்று பேர். அதன் எடையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்த வழியில் வந்த நாற்காலிகளில் எனக்குப் பெரிதாகப் படுவது, அச்சை முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்த்திப் பொருத்த முடிகிறது என்பது. நாற்காலியை ஆளுக்குத் தக்கபடி மாற்றலாம்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பையன் இருக்கிறான். மரத்திலிருந்து விழுந்தவன், சின்ன வயசு. ஒரு முகாமில் கொடுத்த மடக்கு நாற்காலிதான் அவனுக்கு வந்தது. 18 அங்குல அகலம். அவன் இடுப்பு 14 அங்குலம்கூட இருக்காது. இரண்டு பக்கமும் கை அகன்று, கோழி சிறகு விரித்த மாதிரி தள்ளிக்கொண்டிருந்தான். கீழே புண் வராமலிருக்க அவன் அம்மா நாலு அங்குல ஃபோம் வெட்டிப் போட்டிருந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த நாலு அங்குலம் அவனை ரிம்மிலிருந்து மேலே தூக்கிவிட்டது. கையைக் கிட்டத்தட்ட நேராக நீட்டினால்தான் எட்டியது. உள்ளங்கையை ரிம்மின் உச்சியில் வைக்கும்போது மேல்கைக்கும் முன்கைக்கும் நடுவே முழங்கையில் 100 முதல் 120 டிகிரி கோணம் இருக்க வேண்டும் என்பது முதுகுத்தண்டு மருத்துவர்கள் சொல்கிற அளவு. அவனுக்கு 150க்கு மேலேயே இருக்கும்.

நாங்கள் எடுத்துப்போனது சைக்கிள் கடைக்கு. கடைக்காரர் எனக்கு நெடுநாள் பழக்கம். என் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துத் தருகிறவர்.

"இன்னாண்ணா, அச்சையே நகர்த்தணுமா? கம்பெனில வச்சத நாம மாத்தலாமா?"

"கம்பெனிக்காரன் இவன் தோளப் பாத்தா வச்சான்?"

சிரித்துக்கொண்டே பக்கத்து வெல்டிங் பட்டறைக்கு ஆள் அனுப்பினார். ஆறு மில்லிமீட்டர் இரும்புத் தகடு இரண்டு, ஒவ்வொன்றிலும் வரிசையாகத் துளைகள். முதுகுக் கம்பியோடும் கீழ்க் குழாயோடும் கிளாம்ப் போட்டு இறுக்கி, அச்சை முன்னால் கொண்டுவந்தோம். சொல்ல எளிது. செய்யும்போதுதான் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கேட்கும் என்று தெரிகிறது. சக்கரம் முன்னே போனதும் டயர் பிரேக்கில் முட்டியது. பிரேக் கிளாம்ப்பை அதே அளவு முன்னே தள்ள வேண்டியிருந்தது. அச்சை மேல் துளையில் போட்டதும் நாற்காலி பின்பக்கம் தாழ்ந்தது. கை ரிம்முக்கு இறங்கியது நல்லதுதான். ஆனால் முன்சக்கரத்தின் தண்டு செங்குத்தாக இல்லாமல் சாய்ந்துவிட்டது. அப்படியே விட்டால் திரும்பும்போது முன்சக்கரம் நாற்காலியைத் தூக்கி இறக்கும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கை தனியாக உழைக்க வேண்டும். முன்சக்கரத்தைப் பக்கத்தில் இருந்த சிறிய அளவுக்கு மாற்றித் தண்டை நேராக்கினார். கடைசியில், கொத்தனார் மாதிரி நூல் பிடித்தார். இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் இடையே முன்பக்க அளவும் பின்பக்க அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க. ஒன்றிரண்டு டிகிரி கோணல் வந்தாலும் சக்கரம் உருள்வதோடு பக்கவாட்டில் தேயவும் செய்யும்; இழுவை எகிறிவிடும். ஒருபக்கத் தகட்டின் அடியில் வாஷர் கொடுத்துச் சரி செய்தார்.

முன்சக்கரத்தைக் கழற்றியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அச்சாணியைச் சுற்றித் தலைமுடியும் நூலும் கிரீஸோடு சேர்ந்து கறுப்பு வளையமாக இறுகியிருந்தது. வீட்டுத் தரையில் கிடக்கிற முடியெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். பிளேடால் அறுத்து எடுத்தபின் சக்கரம் விரலால் சுண்டினால் சுற்றிக்கொண்டே இருந்தது. எந்த விலை நாற்காலியாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். டயரில் காற்றும் அப்படித்தான். பஞ்சர் தொல்லை வேண்டாமென்று கெட்டி ரப்பர் டயர் போட்டுக்கொள்கிறவர்கள் அந்த நிம்மதிக்கு ஒவ்வொரு தள்ளலிலும் வட்டி கட்டுகிறார்கள்.

அச்சை முன்னே கொண்டுவந்தால் பின்பக்கமாகக் கவிழ்கிற பயம் நிஜமானது. அதற்காகப் பின்னால் இரண்டு குட்டிச் சக்கரங்களைக் குழாயில் மாட்டித் தரையைத் தொடாமல் தொங்கவிட்டோம். இரண்டு காலும் தொடையோடு எடுக்கப்பட்டவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. முன்னால் கால் எடை இல்லாததால் அவர்களுக்கு அச்சு பின்னால்தான் போக வேண்டும். ஒரே அளவை எல்லோருக்கும் கொடுத்தால் ஒருவருக்குத் தோள் போகும், இன்னொருவருக்கு மண்டை போகும்.

அந்தப் பையனுக்கு அதன்பின் தள்ளுவதற்கே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. குட்டைக் குட்டையாகத் தட்டித் தட்டிப் பழகிய கை. நீளமாகத் தள்ளு, விட்டபின் கையை ரிம்முக்கு மேலேயே பின்னுக்கு இழுக்காதே, கீழே தொங்கவிட்டு அரைவட்டமாகக் கொண்டுபோய் மறுபடி பிடி. இது தோளைக் காக்கிற முறை. ரிம்மைத் தள்ளுவது உடம்புக்கு மோசமான பேரம். உடம்பு செலவழிக்கிற சக்தியில் பத்து சதவீதம்கூட நகர்வாக மாறாது. காலால் சைக்கிள் மிதித்தால் இருபது சதவீதம் வரை மாறும். கை பிடிக்க வேண்டும், தள்ள வேண்டும், விட வேண்டும், சும்மா திரும்பிப்போக வேண்டும். பிடித்திருக்கும் நேரத்திலும் விசையில் ஒரு பகுதி கீழே அமுக்குவதிலும் உள்ளே நெருக்குவதிலும் போய்விடும். தோள் மூட்டு சுமை தாங்குவதற்காகப் படைக்கப்பட்டதும் இல்லை. பல வருடம் நாற்காலி ஓட்டியவர்களில் பலருக்குத் தோள்வலி உண்டு. கால் போனவனுக்குத் தோளும் போனால் என்ன மிச்சம்?

இந்த ஊரில் இதைப் பேசும்போது மேரி வர்கீஸை விட்டுவிட முடியாது. இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954இல் கார் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து அதற்கான துறையை நடத்தினார். 1966இல் பாகாயத்தில் திறந்த மறுவாழ்வு மையம் அப்படி வந்தது. மற்றவர்களின் கைகளைத் திருத்திய அந்தக் கைகள் தினமும் தன் நாற்காலியையும் உருட்டின. 1950களில் கிடைத்த நாற்காலிகள் எந்த வடிவத்தில் இருந்தன என்று தெரிந்தவனுக்கு, அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்முன் தோள் எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு வராமல் போகாது.

தரை நன்றாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பார்கள். தீரும்தான். கோட்டைக்குள் காலையில் நடக்க வருகிறவர்களோடு நானும் போவேன்; அங்கே சமதளமான தார்ப் பாதையில் ஒரு தள்ளலுக்கு நாற்காலி போகிற தூரத்தைப் பார்த்தால் மனசு நிறையும். லாங் பஜாரில் அந்தக் கதை நடக்காது. நம் ரோடுகள் மழைத்தண்ணீர் வடிய நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். இடது ஓரமாகப் போனால் நாற்காலி தானாகவே சாக்கடைப் பக்கம் இறங்கப் பார்க்கும். இடது கை இரட்டிப்பாகத் தள்ள, வலது கை ரிம்மைப் பிடித்து நிறுத்த, நேராகப் போவதற்கே இரண்டு கையும் ஒன்றையொன்று எதிர்த்து உழைக்கும். இங்கேயும் அச்சுதான் பேசுகிறது. உடம்பின் எடை அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு பலமாக நாற்காலி பள்ளத்துக்குத் திரும்பும். எடையும் அச்சும் நெருங்கினால் அந்த இழுப்பு தணியும். சாக்கடை மூடிக் கல்லுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் முன்சக்கரம் மாட்டாமல் தூக்கித் தாண்டுவதும் அச்சு முன்னால் இருந்தால்தான் சுலபம்.

இதற்கு நேர் எதிரான வழியையும் ஒருவர் யோசித்தார். ரால்ஃப் ஹாட்ச்கிஸ், அவரும் நாற்காலிக்காரர், பொறியாளர். ஏழை நாடுகளின் பட்டறைகளிலேயே செய்யக்கூடிய நாற்காலிகளை வடிவமைத்தவர். அவருடைய ரஃப்ரைடரில் முன்சக்கரம் அகலமான ரப்பர், வெகுதூரம் முன்னால் தள்ளி வைத்தது. மண்ணிலும் கல்லிலும் குப்புறக் கவிழாது. வீட்டுக்குள் திரும்ப அதிக இடம் கேட்கும். குடியாத்தம் பக்கம் கிராமத்தில் இருக்கிறவர் என்னைக் கேட்டால் அந்த வகையைத்தான் தேடச் சொல்வேன். சத்துவாச்சாரி மாடி வீட்டுக்காரருக்குச் சொல்லமாட்டேன்.

ராம்ப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, சொன்னால் கோபம் வரும். மூன்று படி என்றால் 45 சென்டிமீட்டர் உயரம். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் ஐந்தரை மீட்டர் நீளம் வேண்டும். நம் கடைகளில் ஒன்றரை மீட்டரில் முடித்துவிடுகிறார்கள். அதில் 90 கிலோவை ஏற்ற 26 கிலோ விசை வேண்டும். அது பைக் ஏற்றுவதற்குப் போட்ட சறுக்கு.

தூரம் போக வேண்டியவர்களுக்கு என் வாக்கு கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டிக்குத்தான். அதைப் பழைய காலத்து வண்டி, கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற இளைஞர்கள் உண்டு. பழையதுதான், 1655இல் ஜெர்மனியில் நியூரம்பர்க் அருகே ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற ஊனமுற்ற கடிகாரக்காரர் தனக்காகச் செய்துகொண்டதே கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி. கை கைப்பிடியை விடுவதே இல்லை, இழுக்கிறதும் தள்ளுகிறதும் இரண்டும் வேலையாகிறது, முன்சக்கரமும் பெரியது. ரிம்மைவிட அதே மூச்சுக்கு அதிக தூரம் போகும். வீட்டு வாசலோடு நின்றுவிடும் என்பதுதான் குறை. இப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த நியோமோஷன் நிறுவனம் உடம்பளவுக்குச் செய்கிற நியோஃப்ளை நாற்காலியும், அதன் முன்னால் மாட்டிக் கழற்றுகிற நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பும், வீட்டுக்குள் நாற்காலி, வெளியே வண்டி என்ற இரண்டையும் சேர்க்கப் பார்க்கின்றன. காசு இருப்பவர்கள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

யாரும் பேசாத ஒரு உழைப்பு இருக்கிறது: இறங்குவது. ஏறும்போது மூச்சு வாங்குவதைப் பார்த்து உதவிக்கு வருவார்கள். இறக்கத்தில் "ஜாலியா போறாரு" என்று விட்டுவிடுவார்கள். ஏழு மீட்டர் உயர மேம்பாலத்திலிருந்து 90 கிலோ இறங்கினால், நாலு ஸ்பூன் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு எங்காவது போயாக வேண்டும். வீல்சேரின் பிரேக் நிறுத்தி வைக்க மட்டும்தான். ஓடும்போது பிரேக் நம் உள்ளங்கை. சூட்டில் பெரும்பங்கு அங்கேதான் வரும். மே மாத மதியத்தில், வெயிலில் நின்ற ரிம் தொடும்போதே சுடுகிற ஊர் இது. காட்பாடிப் பாலத்தை நான் ஆட்டோவில்தான் கடக்கிறேன். மற்ற இறக்கங்களுக்குத் தோல் கையுறை. சுற்றுவட்டாரம் முழுக்க ஆம்பூர், இராணிப்பேட்டை என்று தோல் வேலை தெரிந்தவர்கள் இருக்கும்போது ஆன்லைனில் ஜிம் கையுறை வாங்க வேண்டியதில்லை. அதன் தையல் உள்ளங்கை நடுவில் வரும், சீக்கிரம் பிரியும். செருப்புத் தைக்கிறவரிடமே விரல் வெட்டிய கையுறை தைக்கச் சொல்லலாம். முதலில் தேய்வது கட்டைவிரலின் அடிமேட்டுப் பகுதி. அங்கே மட்டும் இரட்டைத் தோல் வைத்து, தையல் புறங்கைப் பக்கம் வருகிற மாதிரி கேளுங்கள்.